குளிர்ந்த ஊரில் தனியாக ஓய்வுக்காலம்: சிங்கப்பூரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐம்பத்தைந்து வயதைத் தாண்டி, தனியாக வாழ்ந்து, சிங்கப்பூரின் புழுக்கத்தை விட்டு வேறு ஊரில் குடியேற நினைக்கும் குடியுரிமை பெற்றவர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் எழுதப்பட்டது. விசா விதிகளும் வைப்புத்தொகைகளும் அடிக்கடி மாறும்; விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்தத் தூதரகத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வானிலையைப் பார்த்துத்தானே ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

இல்லை, அதைக் கடைசியில் பாருங்கள். முதலில் அந்த நாடு உங்களை ஆண்டுக்கணக்கில் இருக்க விடுமா என்று பார்க்க வேண்டும். அடுத்து, நெஞ்சு வலித்தால் எத்தனை நிமிடத்தில் நல்ல மருத்துவமனைக்குப் போய்ச் சேரலாம். மூன்றாவதாக, உங்கள் வீட்டின் இன்னொரு சாவி யாரிடம் இருக்கும். இந்த மூன்றுக்கும் பதில் உள்ள ஊர்களில் எது குளிர்ச்சி என்று பிறகு பார்க்கலாம். தம்பதியராகப் போனால் ஒருவர் விழுந்தால் இன்னொருவர் தொலைபேசியை எடுப்பார். தனியாகப் போகிறவருக்கு அந்த இரண்டாவது ஆள் கிடையாது என்பதால் வரிசை இப்படி மாறுகிறது.

'மிதமான தட்பவெப்பம்' என்பதை எப்படி அளப்பது?

ஆண்டுச் சராசரியை நம்ப வேண்டாம். பகலில் 30, இரவில் 6 என்று ஆடும் ஊருக்கும் சராசரி 18 வரும். மாதவாரியாக நான்கு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: பகல் உச்சம், இரவுத் தாழ்வு, மழை நாள்கள், ஈரப்பதம். சிங்கப்பூரில் பகலில் 31 முதல் 33 டிகிரி, இரவில் 24, 25. ஆண்டு முழுதும் இதே கதைதான். இரவில் 15க்குக் கீழே இறங்கும் மாதங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். இங்கே பழகிய உடம்புக்கு அங்கேதான் தொல்லை தொடங்கும்.

குளிர்ச்சி இரண்டு வழியில் வரும். ஒன்று உயரம்: கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். குன்னூர், கொடைக்கானல், வியட்நாமின் டா லாட் எல்லாம் அந்த வகை. மற்றொன்று, கடலோரமாக இருந்து நிலநடுக்கோட்டைவிட்டு விலகியிருப்பது. போர்ச்சுகலின் மடெய்ரா தீவிலுள்ள ஃபுஞ்சால் அப்படி: ஜனவரி இரவில் 13, 14, ஆகஸ்ட் பகலில் 26. மலை ஊரில் பருவமாற்றம் குறைவு, மழையும் மூடுபனியும் அதிகம். கடலோர ஊரில் நான்கு பருவமும் தெரியும்.

மலை உயரம் வயதானவர்களுக்கு ஒத்துக்கொள்ளுமா?

1,500 மீட்டர் வரை பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஊட்டியின் 2,240 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, இதயச் செயலிழப்பு, கடும் ரத்தசோகை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அங்கே வீடு பார்க்கக்கூடாது.

ஆனால் மூச்சைவிட முட்டிதான் பலரைத் தோற்கடிக்கிறது. மலை ஊர்களில் வீடு சாலைக்கு மேலேயோ கீழேயோ இருக்கும். நாற்பது படி இறங்கித்தான் வாசலை அடைய வேண்டும். மழையில் அந்தப் படிகளில் பாசி படியும். தூக்குப் படுக்கையோடு இரண்டு பேர் அந்தப் படிகளில் ஏற முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் ஜன்னல் காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம். வீட்டுத் தரகர் இதைச் சொல்ல மாட்டார்.

குளிரூட்டி இல்லாமல் வாழலாம், சரி. வீட்டுக்குள் குளிருமா?

குளிரும். வெளியே இருப்பதைவிட உள்ளே அதிகமாகக் குளிரும் வீடுகளும் உண்டு. நீலகிரி, டா லாட், போர்ச்சுகலின் போர்ட்டோ எதுவானாலும் பல வீடுகளில் சூடேற்றும் வசதி கிடையாது, சுவரில் காப்பு கிடையாது. வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வீடு பார்க்கப் போகும்போது வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறு கருவி ஒன்றைக் கொண்டுபோய்ப் படுக்கையறையில் ஓர் இரவு வையுங்கள். அலமாரியின் பின்பக்கம், மெத்தையின் அடிப்பக்கம், வடக்குச் சுவரின் மூலை ஆகிய மூன்றையும் தொட்டுப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகளோ புழுங்கல் வாடையோ இருந்தால் அது பூஞ்சாணம். புதிதாக அடித்த வண்ணம் அதை ஒரு பருவம்தான் மறைக்கும்.

சூடேற்ற எண்ணெய் நிரப்பிய மின் ரேடியேட்டர் பாதுகாப்பானது. மூடிய அறைக்குள் கரி அடுப்பு, தணல் சட்டி எதுவும் கூடவே கூடாது. அவை வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். குளியலறைக்குள் பொருத்திய கேஸ் கீசரும் (வெந்நீர்க் கருவி) அதே ஆபத்துதான். வாடகை வீட்டில் அது இருந்தால் வெளியே மாற்றித் தரச் சொல்லுங்கள், அல்லது மின்சாரக் கீசர் போடச் சொல்லுங்கள்.

இட்லி மாவு விஷயமும் கேட்கிறார்கள். இங்கே இரவு வைத்தால் காலையில் பொங்கிவிடும். 15 டிகிரியில் ஒரு நாள் கடந்தும் அசையாது. விளக்கை மட்டும் எரியவிட்ட ஓவனுக்குள், அல்லது வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் மூடி வைக்க வேண்டும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்புக்குப் பிரஷர் குக்கர் இல்லாமல் ஆகாது.

எந்த நாடுகள் ஓய்வுபெற்றவருக்கென்று விசா தருகின்றன?

பலருடைய பட்டியல் இங்கேயே பாதியாகிவிடும். ஆஸ்திரேலியா முதல் ஆசை. பெர்த்துக்கு ஐந்து மணி நேரப் பயணம், நேர வித்தியாசமே இல்லை. ஆனால் அங்கே ஓய்வுக்கால விசா 2018இல் புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. பெற்றோர் விசாவுக்குப் பிள்ளை அங்கே வசிக்க வேண்டும். பிள்ளை இல்லாத தனிநபருக்கு வழி இல்லை.

நியூசிலாந்து 66 வயதானவர்களுக்குத் தற்காலிக ஓய்வுக்கால விசா தருகிறது. அதற்கு ஈராண்டுகளுக்கு 750,000 நியூசிலாந்து டாலர் முதலீடு, கூடவே 500,000 டாலர் கைவசம், ஆண்டு வருமானம் 60,000 டாலர் வேண்டும்.

தாய்லாந்து 50 வயதிலிருந்து தருகிறது. பிலிப்பீன்சில் வைப்புத்தொகையோடு கூடிய ஓய்வுக்கால விசா உண்டு. மலேசியாவின் 'எனது இரண்டாவது இல்லம்' திட்டம் 2024இல் மாறிவிட்டது: வெள்ளிப் பிரிவுக்கே 150,000 அமெரிக்க டாலர் நிரந்தர வைப்பும், குறைந்தது 600,000 ரிங்கிட்டுக்கு வீடும். கேமரன் மலைக்காக மட்டும் இவ்வளவு பணத்தைக் கட்டுவது எங்கள் பார்வையில் பொருந்தாது.

சீனாவிலும் வியட்நாமிலும் ஓய்வுக்கால விசா என்று ஒன்று இல்லை. குன்மிங்கும் டா லாட்டும் விடுமுறைக்கு அருமை, குடியேற அல்ல. இணையப் பட்டியல்களில் முதலிடம் பிடிக்கும் ஈக்வடாரின் குவென்கா, கொலம்பியாவின் மெடெயீன் எல்லாம் அமெரிக்கர்களுக்காகப் போட்ட பட்டியல். சிங்கப்பூரிலிருந்து 13 மணி நேர வித்தியாசம். உங்கள் பகல் இங்குள்ள தங்கைக்கு இரவு.

இந்திய வம்சாவளியினருக்கு எளிய வழி உண்டா?

உண்டு. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை கிடைத்தால் விசாக் கேள்வியே முடிந்துவிடும்: ஆயுள் முழுதும் செல்லும், எத்தனை நாள் தங்கினாலும் காவல்துறையில் பதிய வேண்டியதில்லை. நீங்களோ, உங்கள் பெற்றோர், தாத்தா பாட்டி, கொள்ளுத் தாத்தா பாட்டி எவரேனும் ஒருவரோ இந்தியக் குடிமகனாக இருந்ததற்கு, அல்லது 1950 ஜனவரி 26 அன்று அதற்குத் தகுதி பெற்றிருந்ததற்கு ஆதாரம் வேண்டும். யாழ்ப்பாண வம்சாவளிக் குடும்பங்களுக்கு இந்த வழி பொதுவாகத் திறக்காது.

விண்ணப்பம் தடுக்கி விழும் இடம் பெயர்தான். தாத்தாவின் பழைய இந்தியக் கடப்பிதழில் 'சுப்பையா', அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் 'சுப்பிரமணியம்' என்று இருந்தால் இருவரும் ஒருவரே என்று பிரமாண வாக்குமூலம் வேண்டும். உங்கள் பிறப்புச் சான்றிதழ், அப்பாவுடையது, தாத்தாவுடையது என்று சங்கிலி அறுபடாமல் சேர்த்துவிட்டுப் பிறகு விண்ணப்பியுங்கள். நீங்களே முன்பு இந்தியக் குடிமகனாக இருந்தவர் என்றால், இந்தியக் கடப்பிதழை ஒப்படைத்த சான்றும் கேட்பார்கள். 50 வயதுக்குப் பிறகு புதிய கடப்பிதழ் எடுத்தால் அதன் நகலை ஒருமுறை இணையத்தில் ஏற்றிவிட வேண்டும்.

நீலகிரியில் எது நல்லது: ஊட்டியா, குன்னூரா, கோத்தகிரியா?

தனியாக வாழ ஊட்டியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். கோடையில் சுற்றுலாக் கூட்டம் சாலையை அடைத்துக்கொள்ளும். குன்னூர் 1,850 மீட்டர்; கோத்தகிரி ஏறக்குறைய அதே உயரம். இரண்டும் சமவெளிக்கு இன்னும் பக்கம். ஊட்டிக்குத் தென்மேற்குப் பருவமழை அதிகம், குன்னூருக்கு வடகிழக்கு. ஆகவே குன்னூரில் சோதனை மாதங்கள் அக்டோபரும் நவம்பரும்: மண் சரியும், மலை ரயில் நிற்கும், மேட்டுப்பாளையம் சாலையில் மரம் விழும். மாலையில் தேயிலைத் தோட்டத்து ஓரமாகக் காட்டு மாடு நிற்பது அங்கே சாதாரணம். இருட்டிய பிறகு தனியாக நடக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

பெரிய சிகிச்சை எல்லாம் கோயம்புத்தூரில்தான். மாரடைப்புக்கு அடைப்பை நீக்கும் சிகிச்சை முதல் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் நடந்தால்தான் முழுப் பலன். பக்கவாதத்துக்கான, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம் எல்லை. ஊட்டியிலிருந்து கோவைக்குச் சாலை நன்றாக இருந்தாலே இரண்டரை, மூன்று மணி நேரமாகும். மைசூரு பக்கம் இறங்கலாமே என்றால், பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும். ஆம்புலன்சுக்கு விலக்கு உண்டு, வாடகைக் காருக்கு இல்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

ஆகவே இதய நோயோ பக்கவாத வரலாறோ உள்ளவருக்கு நாங்கள் சொல்வது: நிரந்தர வீடு கோவையில் இருக்கட்டும். ஏப்ரல், மே இரண்டு மாதம் கோத்தகிரியிலோ குன்னூரிலோ வாடகைக்கு எடுங்கள். கோவை 400 மீட்டர் உயரத்தில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு இருப்பதால் சென்னையின் கொதிப்பு அங்கே இல்லை. சிங்கப்பூருக்கு நேரடி விமானமும் உண்டு.

அங்கே இடம் வாங்கிப் போடலாமா?

ஓசிஐ அட்டை உள்ளவர் வீடும் மனையும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு வாங்கக்கூடாது. நீலகிரியில் 'வில்லா மனை' என்று விற்கப்படுவதில் ஒரு பங்கு, பட்டாவில் இன்னும் தேயிலைத் தோட்டம்தான். விற்கிறவர் 'பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்பார். மாற்றிய பிறகு வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். வில்லங்கச் சான்று 30 ஆண்டுக்கு, பட்டா, நகர ஊரமைப்பு ஒப்புதல், மலைப்பகுதிக் கட்டட அனுமதி ஆகிய நான்கும் கையில் வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். முதல் ஆண்டு வாடகையிலேயே இருங்கள். பதினொரு மாத ஒப்பந்தம் அங்கே வழக்கம். அதற்குள் எல்லாப் பருவமும் தெரிந்துவிடும்.

பெங்களூரு, மைசூரு?

பெங்களூரின் குளுகுளுப் பெயர் பழைய புகழ். 2016 ஏப்ரலில் 39 டிகிரியைத் தொட்டது. 2024 கோடையில் தண்ணீர் லாரிக்கு வரிசை நின்றது. மருத்துவத்துக்குக் குறையில்லை, போக்குவரத்து நெரிசலில் அதை அடைவதுதான் பாடு. மைசூரு சிறியது, தட்டை, நடக்க ஏற்றது, உயர்சிகிச்சை மருத்துவமனைகளும் உள்ளூரிலேயே உண்டு. ஏப்ரல் பகலில் 34, 35 வரை போகும். ஆனால் இரவு இறங்கும், டிசம்பரில் 16. தமிழ் மட்டும் தெரிந்தாலும் காய்கறிச் சந்தையில் சமாளிக்கலாம்.

கோவையில் முதியோர் குடியிருப்புகள் நிறைய இருக்கின்றனவே, நம்பலாமா?

தனியாக வாழ்பவருக்கு அந்த அமைப்பு பொருத்தமானது: பொதுச் சமையலறை, மணி அடித்தால் வரும் செவிலியர், காலையில் கதவு திறக்கவில்லை என்றால் வந்து பார்க்கும் ஆள். ஒப்பந்தத்தைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். நீங்கள் வாங்குவது வீட்டையா, ஆயுள்காலக் குத்தகையையா? இறந்த பிறகு தொகையில் எவ்வளவு, எத்தனை மாதத்தில், யாருக்குத் திரும்பும்? மாதப் பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு ஏறலாம் என்று உச்சவரம்பு உண்டா? முக்கியமான கேள்வியைப் பலர் கேட்பதில்லை: படுத்த படுக்கையானாலோ மறதி நோய் வந்தாலோ அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா, காலி செய்யச் சொல்வார்களா? 'பார்த்துக்கொள்வோம் சார்' என்ற வாய்ச்சொல் போதாது. எந்தக் கட்டடம், எத்தனை படுக்கை, மாதம் எவ்வளவு என்று எழுத்தில் வேண்டும். விற்பனை அலுவலரோடு மட்டும் சுற்றிப் பார்க்காதீர்கள். சாப்பாட்டுக் கூடத்தில் மதிய நேரம் உட்காருங்கள். குடியிருப்பவர்களே எல்லாம் சொல்லிவிடுவார்கள்.

தாய்லாந்தின் சியாங் மாய் எப்படி?

நவம்பர் முதல் ஜனவரி வரை சொர்க்கம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல், காட்டு எரிப்புப் புகை பள்ளத்தாக்கில் அடைந்து பிஎம் 2.5 (நுண்துகள் மாசு) அளவு எகிறும். ஆஸ்துமா உள்ளவர் அந்த மாதங்களில் வேறு ஊருக்குப் போக வேண்டியிருக்கும். ஊர் 300 மீட்டர் உயரம்தான் என்பதால் ஏப்ரலில் வெயிலும் கடுமை. ஓய்வுக்கால நீட்டிப்புக்குத் தாய்லாந்து வங்கியில் 800,000 பாட், விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே கிடக்க வேண்டும். கொடுத்த பிறகும் மூன்று மாதம் அப்படியே, அதன் பின் 400,000க்குக் குறையக்கூடாது. அல்லது மாதம் 65,000 பாட் வருமானம். வெளிநாட்டிலிருந்தே விண்ணப்பிக்கும் ஓ-ஏ வகைக்கு மருத்துவக் காப்புறுதியும் கட்டாயம். 90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிக்க வேண்டும். மறுநுழைவு அனுமதி வாங்காமல் சிங்கப்பூருக்குத் திருமணத்துக்கு வந்தால் விசா அன்றே செத்துவிடும். ஆண்டுதோறும் யாராவது இதில் மாட்டுகிறார்கள்.

இலங்கையின் நுவரெலியா, பிலிப்பீன்சின் பாகியோ?

நுவரெலியா 1,868 மீட்டர், சந்தையில் தமிழ் காதில் விழும், 55 வயதானவர்களுக்கு நீண்டகால விசாத் திட்டமும் இலங்கையில் இருந்துவருகிறது. ஆனால் பெரிய சிகிச்சைக்குக் கண்டிக்கோ கொழும்புக்கோ மலையிறங்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நிலச்சரிவுகளால் அந்தச் சாலைகளே அறுந்தன. பாகியோவில் புயல் காலம் ஜூலை முதல். 1911 ஜூலையில் ஒரே நாளில் 1,168 மில்லிமீட்டர் கொட்டிய ஊர் அது; சிங்கப்பூருக்கு ஓராண்டில் பெய்வதில் பாதிக்கும் மேல்.

போர்ச்சுகல், ஸ்பெயின்?

போர்ச்சுகலின் டி7 விசாவுக்கு, வேலை செய்யாமல் வரும் வருமானம் அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஈடாக வேண்டும். 2025இல் அது மாதம் 870 யூரோ. விண்ணப்பிக்கும் முன்பே வரி எண், வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தம் தயாராக இருக்க வேண்டும். புதியவர்களுக்கான பழைய வரிச்சலுகை 2024இலிருந்து இல்லை. ஸ்பெயின் அதிகம் கேட்கிறது: ஆண்டுக்கு 28,800 யூரோ, முழுத் தனியார் மருத்துவக் காப்புறுதி. இரண்டிலும் அலுவலகத் தாள் எல்லாம் உள்ளூர் மொழியில். அறுபத்தைந்தில் போர்ச்சுகீசியம் கற்கத் தயார் என்றால் ஃபுஞ்சாலைத் தாராளமாகப் பாருங்கள். போர்ட்டோவைப் பார்ப்பவர்கள் ஜனவரியில் போய்ப் பார்க்கட்டும்.

சிபிஎஃப் லைஃப் (மத்திய சேமநிதியின் ஆயுள்கால மாதத்தொகை) பணம் வெளிநாட்டில் இருந்தால் வருமா?

வரும். 65 வயதிலிருந்து, தள்ளிப்போட்டால் 70 வரை, மாதாமாதம் ஆயுள் முழுதும். வழக்கமாக உங்கள் சிங்கப்பூர் வங்கிக் கணக்கில்தான் விழும். முழுச் சேமிப்பையும் எடுத்துக்கொண்டு போக வேண்டுமானால் குடியுரிமையைத் துறக்க வேண்டும். அதைச் செய்யாதீர்கள். திரும்பி வரும் கதவு அது ஒன்றுதான். நிரந்தரவாசிகள் மறுநுழைவு அனுமதி காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாணயத்தையும் கவனியுங்கள். 2015வாக்கில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 47 இந்திய ரூபாய். பத்தாண்டில் 65ஐத் தாண்டியது. தாய் பாட் அப்படி இறங்கவில்லை. ரூபாய் இறங்கியது உங்களுக்கு லாபம்தான், ஆனால் மொத்தப் பணத்தையும் ரூபாயாக மாற்றி வைத்தவருக்கு நஷ்டம். ஆறு மாதச் செலவுக்கு மேல் மாற்றாதீர்கள்.

மெடிஷீல்டு, மெடிசேவ் அங்கே உதவுமா?

நடைமுறையில் இல்லை. மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி சிங்கப்பூர் சிகிச்சைக்கு. நீங்கள் எங்கிருந்தாலும் சந்தா மட்டும் போய்க்கொண்டிருக்கும். மெடிசேவ் மருத்துவச் சேமிப்பை மலேசியாவில் அனுமதி பெற்ற சில மருத்துவமனைகளில் முன்கூட்டிய பரிந்துரையோடு பயன்படுத்தலாம். மற்ற நாடுகளில் முடியாது. கேர்‌ஷீல்டு லைஃப் மட்டும் விதிவிலக்கு: குளிப்பது, உடுத்துவது, உண்பது போன்ற 6 அன்றாடச் செயல்களில் 3ஐச் சுயமாகச் செய்ய முடியாமல் போனால், வெளிநாட்டில் வசித்தாலும் கோரலாம்.

உள்ளூர்க் காப்புறுதியை உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். இந்தியாவில் 2024 ஏப்ரல் முதல் 65 வயது உச்சவரம்பு நீங்கியது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம். இருக்கும் நோயை மறைத்து எழுதினால் பணம் கேட்கும் நாளில்தான் வெளியே வரும். அந்த 36 மாதத்துக்குத் தனியாக மருத்துவ நிதி வையுங்கள்; திட்டமிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை என்றால் விமானம் ஏறி இங்கேயே வந்துவிடலாம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை என்ன செய்வது?

முதல் ஈராண்டு விற்க வேண்டாம். ஐந்தாண்டுக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்த குடிமக்கள், வீவக அனுமதியோடு முழு வீட்டையும் வாடகைக்கு விடலாம். ஒவ்வொரு வாடகையும் குறைந்தது 6 மாதம். நிரந்தரவாசிகளுக்கு முழு வீட்டை விட அனுமதி இல்லை. பிளஸ், பிரைம் வகை வீடுகளுக்கும் இல்லை. நீங்கள் குடியிருக்காத வீட்டுக்குச் சொத்து வரி 2024 முதல் ஆண்டு மதிப்பில் 12 முதல் 36 விழுக்காடு. வெளிநாட்டில் வசித்து வரிக் குடியிருப்பாளர் அல்லாதவராகிவிட்டால் நிகர வாடகைக்கு 24 விழுக்காடு வருமான வரி. இரண்டையும் கழித்துவிட்டு மீதியைத்தான் வருமானம் என்று எழுத வேண்டும்.

அங்கேயும் வரி கட்ட வேண்டுமா?

இந்தியாவில் ஒரு நிதியாண்டில் 182 நாள் இருந்தால் வரிக் குடியிருப்பாளர். ஆனால் முந்தைய 7 ஆண்டில் 729 நாளுக்கு மேல் அங்கே இல்லாதவருக்கு இடைநிலைத் தகுதி உண்டு. அந்தக் காலத்தில் வெளிநாட்டு வருமானத்துக்கு வரி இல்லை. அது முடிந்ததும் சிங்கப்பூர் வாடகை, வட்டி எல்லாம் கணக்குக்கு வரும். தாய்லாந்தில் 180 நாள் இருப்பவர் 2024 முதல் உள்ளே கொண்டுவரும் வெளிநாட்டு வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியிருக்கும். இதற்கு ஒரு கணக்காளருக்குக் கொடுக்கும் பணம் வீண் அல்ல.

சிங்பாஸ், வங்கிச் செயலி?

சிங்கப்பூர்க் கைப்பேசி எண்ணை உயிரோடு வைத்திருங்கள். முன்பணம் கட்டும் சிம் அட்டையாக இருந்தால் காலாவதித் தேதியை நாள்காட்டியில் குறியுங்கள். எண் போனால் ஒருமுறைக் கடவுச்சொல் போகும். பழைய கைப்பேசியை அழிக்கும் முன், புதியதில் சிங்பாஸும் வங்கிச் செயலியும் திறக்கின்றனவா என்று சிங்கப்பூரில் இருக்கும்போதே பாருங்கள்.

முன்னோட்டமாகத் தங்கிப் பார்ப்பது எப்படி?

மோசமான மாதத்தில் போங்கள்: குன்னூருக்கு நவம்பர், சியாங் மாய்க்கு மார்ச், மைசூருக்கு ஏப்ரல், போர்ட்டோவுக்கு ஜனவரி. ஹோட்டலில் தங்கினால் ஒன்றும் தெரியாது. சமையலறை உள்ள வாடகை வீடு எடுங்கள். காய்கறி வாங்குங்கள், கேஸ் தீர்ந்தால் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள், பல் மருத்துவரிடம் போங்கள், மின்வெட்டில் ஒரு மாலை உட்காருங்கள். இரவு 10 மணிக்கு மேல் வாடகைக் காரில் மருத்துவமனை அவசரப் பிரிவு வரை போய், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதயக் குழாய் சிகிச்சைக் கூடம் 24 மணி நேரமும் இயங்குகிறதா என்று அங்கேயே கேளுங்கள். ஆண்டுப் பயணக் காப்புறுதி பெரும்பாலும் ஒரு பயணத்துக்கு 90 நாளோடு முடியும்.

தனியாக விழுந்துவிட்டால்?

தினமும் காலை ஒரே நேரத்தில் ஒருவருக்குக் குறுஞ்செய்தி. ஒரு மணி நேரம் தாமதமானால் அவர் அழைப்பார், எடுக்காவிட்டால் சாவி வைத்திருப்பவரை அனுப்புவார். செய்தி பெறுபவர் சிங்கப்பூரில் இருக்கலாம், சாவிக்காரர் நடந்து வரும் தூரத்தில் இருக்க வேண்டும். கதவில் உள்தாழ்ப்பாள் மட்டும் போட்டால் மாற்றுச் சாவி இருந்தும் பயன் இல்லை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள்: மருந்துகளின் மூலப்பெயரும் அளவும் (வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும்), ஒவ்வாமை, ரத்த வகை, இரண்டு தொடர்பு எண்கள், உள்ளூர் மொழியில். ஆம்புலன்ஸ் எண்: தமிழ்நாட்டில் 108, தாய்லாந்தில் 1669, இலங்கையில் 1990, ஐரோப்பாவில் 112.

நினைவு தப்பினாலோ இறந்தாலோ யார் முடிவெடுப்பது?

சிங்கப்பூரில் நீடித்த அதிகாரப் பத்திரம் செய்துவிட்டுப் புறப்படுங்கள். இங்குள்ள வங்கி, வீடு, மருத்துவ விவகாரங்களுக்கு அது வேண்டும். வெளிநாட்டு வங்கி அதை ஏற்கும் என்று எண்ணாதீர்கள். இந்தியாவில் எழுதும் சாதாரணப் பொது அதிகாரப் பத்திரம், எழுதிக்கொடுத்தவர் மனநலம் இழந்தால் சட்டப்படி செல்லாது. மிகவும் தேவைப்படும் நாளில்தான் அது கைவிடும். ஆகவே அங்கே அன்றாடச் செலவுக் கணக்கை நம்பகமானவரோடு கூட்டுக் கணக்காக வைத்து, அதில் சில மாதச் செலவுக்கு மட்டும் பணம் போடுவது நடைமுறையில் உதவும்.

சிபிஎஃப் பணம் உயிலுக்குள் வராது, அதற்குத் தனி நியமனம் வேண்டும். நியமனம் செய்தபின் திருமணம் நடந்திருந்தால் பழையது ரத்தாகியிருக்கும், புதிதாகச் செய்யுங்கள். அங்குள்ள சொத்துக்கு அந்த நாட்டுச் சட்டப்படி தனி உயில் எழுதும்போது, முந்தைய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன் என்ற வழக்கமான வரி சிங்கப்பூர் உயிலையும் அழித்துவிடாதபடி 'இந்நாட்டுச் சொத்து வரை' என்று எழுதச் சொல்லுங்கள். சிங்கப்பூர்த் தாள்கள் இந்தியா, போர்ச்சுகல், ஸ்பெயினில் செல்ல அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்ற பன்னாட்டுச் சான்று) வேண்டும்; 2021 செப்டம்பர் முதல் சிங்கப்பூர்ச் சட்டக் கழகம் அதைத் தருகிறது. பிறப்புச் சான்றிதழ், திருமணம் அல்லது மணமுறிவுச் சான்று, துணைவரின் இறப்புச் சான்று ஆகியவற்றுக்குப் புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள். அங்கிருந்து இங்கே ஆள் வைத்து வாங்குவதற்கு இரட்டிப்பு அலைச்சல்.